ஜீப்பில் மலையேறும் ஹார்ட் டிஸ்குக்கு எந்தக் கேஸ்?

கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கணக்கு வேலை. காலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி, சாயங்காலம் அதே வழியில் இறங்குகிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, லேப்டாப் போர்டு போயிருச்சு. உள்ள இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் மட்டும் நல்லா இருக்கு. அதை ஒரு கேஸ்ல போட்டு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோய் வரணும். கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகக்கூடாது, மழைக்கும் தாங்கணும். நல்ல கெட்டியான கேஸ் எது?"

இந்த டிஸ்குகளைத் திறந்து மூடுவதே பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கேஸ் என்றால் டிஸ்கை உள்ளே வைத்து யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைக்கும் உறை. பிராண்டு பெயர் மட்டும் போதும் என்றால் இந்தப் பதில் உதவாது. ஒரே பெயரில் போன வருடம் வந்த கேஸுக்குள் ஒரு போர்டு, இந்த வருடம் வருவதற்குள் வேறு போர்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாத கேஸ் என்று எதுவும் கிடையாது. உங்கள் டிஸ்குக்குள் இருப்பது கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு. பெரும்பாலான லேப்டாப் டிஸ்குகளில் அது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் தட்டின் விளிம்பு மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உங்கள் ஜீப் மலைப்பாதையில் அந்த வேகம் போகாது. அந்தத் தட்டுக்கு மேலே, தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் நின்றுவிட்டால் முனை தட்டைவிட்டு விலகி ஓரத்தில் ஒரு சரிவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் லேப்டாப் டிஸ்குகளின் விவரத்தாளில் அதிர்ச்சிக்கு இரண்டு எண் போட்டிருப்பார்கள்: சும்மா இருக்கும்போது 1000 ஜி அளவில், ஓடும்போது 350 அல்லது 400 ஜி அளவில். அதுவும் ஒன்றிரண்டு மில்லி விநாடி நீடிக்கும் அடிக்குத்தான்.

இந்த ஜி என்பது வெறும் எழுத்து இல்லை, அடி புவியீர்ப்பைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு. விழுந்த உயரத்தை, விழுந்த பொருள் முழுதாக நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுத்தால் தோராயமாக ஜி கிடைத்துவிடும். மேசை உயரம் 75 சென்டிமீட்டர், அதாவது 750 மில்லிமீட்டர். கெட்டியான இரும்புப் பெட்டி சிமெண்டுத் தரையில் விழுந்தால் அரை மில்லிமீட்டரில் நின்றுவிடும்: 1500 ஜி. அதே டிஸ்கைச் சுற்றி மெத்தென்ற ரப்பர் உறை இருந்து, அது மூன்று மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால்: 250 ஜி. இது சராசரிக் கணக்கு, உச்சம் இன்னும் கூடும். ஆனாலும் விஷயம் புரிந்திருக்கும். நீங்கள் கேட்ட "கெட்டி" உங்கள் டிஸ்குக்கு எதிரி. வேண்டியது மெத்து. லாரி ஏறினாலும் நசுங்காத அலுமினியப் பெட்டி என்று கடைக்காரர் மேசையில் தட்டிக் காட்டினால், வெளியே விழும் அடி அப்படியே உள்ளே டிஸ்குக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கெட்டி எங்கே வேண்டும்? சாக்கெட்டில்.

என்னிடம் "டிஸ்க் போச்சு" என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை டிஸ்க் போனதே இல்லை. கேஸ் போனது. குமுளியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் போன மழைக்காலத்தில் ஒன்று கொண்டுவந்தார். மூன்று கல்யாணம் அதற்குள் இருக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்று முகமெல்லாம் வேர்த்திருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு. ஒரு பக்கம் டிஸ்கில் செருகும் நீளமான சாட்டா கனெக்டர், மறுபக்கம் ஒயர் செருகும் சாக்கெட். அந்தச் சாக்கெட்டின் தகரக் கூட்டுக்கு நான்கு கால் இருக்கவேண்டும். இதில் கால்கள் போர்டைத் துளைத்துப் போகவே இல்லை, மேலாக வைத்து ஈயம் பற்றவைத்திருந்தார்கள். ஒயரை ஆட்டி ஆட்டி இரண்டு கால் பெயர்ந்து, சாக்கெட் ஒரு பக்கம் வாய் பிளந்து நின்றது. போதாக்குறைக்குப் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. டிஸ்கை உருவி வேறு கேஸில் செருகினேன். மூன்று கல்யாணமும் இருந்தது.

ஆகவே கேஸ் வாங்கும்போது முதலில் வெளியே பார்க்காதீர்கள், மூடியைத் திறந்து போர்டைப் பாருங்கள். சாக்கெட்டின் கால்கள் போர்டைத் துளைத்து மறுபக்கம் வந்து ஈயம் பிடித்திருக்கிறதா? போர்டு கேஸோடு ஸ்க்ரூ போட்டு நிற்கிறதா, அல்லது பிளாஸ்டிக் பள்ளத்தில் சும்மா கிடக்கிறதா? ஒயரைச் செருகி மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் சாக்கெட் மட்டும் அசைகிறதா? நல்ல கேஸில் சாக்கெட்டின் வாய் கேஸின் சுவருக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒயர் இழுபட்டாலும் பாரம் சுவருக்குத்தான் போகும், ஈயத்துக்குப் போகாது. கடைக்காரர் திறந்து காட்டமாட்டேன் என்றால் அடுத்த கடை.

சாக்கெட் வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மினி யுஎஸ்பி இருந்தால் தொடவே வேண்டாம். அது மெதுவான யுஎஸ்பி 2.0. அகலமாக, நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்குமே, அது மைக்ரோ பி. வேகத்தில் குறை கிடையாது. ஆனால் மெல்லிசு, குறுக்கே இழுத்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒயரும் அவசரத்துக்குக் கிடைக்காது. இரண்டு பக்கமும் தட்டையான பெரிய யுஎஸ்பி தலை வைத்த ஒயரோடு சில கேஸ் வருகிறது. சாக்கெட் கெட்டி என்றாலும் அந்த ஒயர் தொலைந்தால் கம்பத்தில் தேடி அலையவேண்டும். இன்று வாங்குவதானால் டைப் சி. பத்தாயிரம் தடவை செருகி எடுக்கத் தாங்கும்படி வகுத்த சாக்கெட் அது, ஒயர் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மலிவான கேஸ்களில் இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்டது பழைய மாதிரி ஒயரில் வேலை செய்யும், இரண்டு பக்கமும் சி உள்ள ஒயரில் உயிரே வராது. இரண்டு ஒயரிலும் போட்டுப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, போன் சார்ஜர் ஒயர்களில் பாதிக்கு மேல் யுஎஸ்பி 2.0 ஒயர்தான். அதில் செருகிவிட்டு கேஸ் மெதுவாக ஓடுகிறது என்று திட்டக்கூடாது. கேஸோடு ஒட்டியே வரும் ஒயர் வேண்டாம். ஒயர் பிய்ந்தால் கேஸே போச்சு.

அளவு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். லேப்டாப் டிஸ்க் எல்லாம் இரண்டரை அங்குலம், நீள அகலம் ஒன்றுதான். தடிமன் மாறும். பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் அல்லது 7 மில்லிமீட்டர். பழைய சிலது 12.5, அதிகக் கொள்ளளவு உள்ள சிலது 15. கடையில் கிடைப்பதில் அதிகம் 9.5 வரை கொள்ளும். உங்கள் 500 ஜிபி பெரும்பாலும் 9.5 அல்லது 7 ஆகத்தான் இருக்கும், ஆனாலும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 7 மில்லிமீட்டர் டிஸ்கை 9.5 கேஸில் போட்டால் மேலே இரண்டரை மில்லிமீட்டர் காலி. சாலையில் ஜீப் குதிக்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் உள்ளே குதிக்கும். அதன் பாரம் முழுவதும் சாட்டா பின்மேல் விழும். இந்த உள் சாட்டா கனெக்டரை வகுத்தவர்கள் அதை ஐம்பது தடவை செருகி எடுக்கும் சமாச்சாரமாகத்தான் நினைத்தார்கள், தினமும் ஆடும் கீல் மாதிரி அல்ல. நல்ல கேஸோடு ஒரு பஞ்சுப் பட்டை தருவார்கள். தராவிட்டால் நீங்களே ஒன்று வெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டிஸ்கின் மேல் தகட்டில் ஒரு குட்டி ஓட்டை இருக்கும், பக்கத்திலேயே மூடாதே என்று எழுதியிருக்கும். டிஸ்க் மூச்சு விடும் ஓட்டை அது. அதன்மேல் பஞ்சும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம்.

மூடியை மாட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் அந்தக் கேஸ் வேண்டாம். தேங்காய் வாங்குவதற்கு நேர் எதிர்.

லேப்டாப் ரொம்பப் பழசாக இருந்தால், 2006, 2007க்கு முன்னால் வாங்கியதாக இருந்தால், டிஸ்க் ஐடிஇ என்ற பழைய கனெக்டர் வகையாக இருக்கலாம். இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக நின்றால் அது ஐடிஇ. தட்டையாக, எல் வடிவத்தில் இரண்டு நாக்கு இருந்தால் சாட்டா. ஐடிஇ கேஸ் இப்போது அபூர்வம். அப்படி இருந்தால் உள்ளதை நகலெடுத்துவிட்டு டிஸ்கை மறந்துவிடலாம்.

அலுமினியமா, பிளாஸ்டிக்கா? சூட்டுக்காக அலுமினியம் என்பார்கள். உங்கள் டிஸ்க் எழுதும்போதும் படிக்கும்போதும் சாப்பிடுவது இரண்டு வாட் சொச்சம். அறுபது டிகிரி வரை அதற்குச் சம்மதம். வண்டன்மேட்டுக் குளிரில் அதைச் சூடாக்க வேண்டும் என்றால் அடுப்பில்தான் வைக்கவேண்டும். ஆகவே சூடு ஒரு காரணமே இல்லை. தடித்த பிளாஸ்டிக், அதற்கு மேலே சிலிகோன் ரப்பர் உறை, இதுதான் என் தேர்வு. அலுமினியம் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் ரப்பர் உறையோடு. ஸ்க்ரூ இல்லாமல் நகத்தால் திறக்கும் நைசான கண்ணாடிப் பிளாஸ்டிக் கேஸ்கள் வீட்டு மேசைக்கு நல்லது. பையில் போட்டால் ஒருநாள் மூடி தனியே, டிஸ்க் தனியே கிடைக்கும். ஒரு ஸ்க்ரூவாவது மூடியைப் பூட்டவேண்டும்.

கரண்டு பற்றி. இந்த டிஸ்குகள் 5 வோல்ட்டில் ஓடுபவை, தனி அடாப்டர் தேவையில்லை. ஆனால் எவ்வளவு ஆம்பியர் கேட்கும் என்று டிஸ்கின் லேபிளிலேயே போட்டிருக்கும். தட்டு முதல்முதலாகச் சுழலத் தொடங்கும் அந்த ஒரு விநாடிக்கு ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது அரை ஆம்பியர், 3.0 என்றால் 0.9. பெரும்பாலான போர்ட்டுகள் கொஞ்சம் தாராளமாகத் தருவதால் வண்டி ஓடுகிறது. தோட்ட ஆபீஸில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் முன்பக்கப் போர்ட்டில் செருகி டிக் டிக் என்று சத்தம் வந்தால், டிஸ்க் செத்துவிட்டது என்று உடனே கையைத் தலையில் வைக்காதீர்கள். பின்பக்கப் போர்ட்டில், நேராக, குட்டை ஒயரில் செருகிப் பாருங்கள். ஒயர் நீண்டால் வோல்ட் இறங்கும். அங்கேயும் அதே சத்தம் என்றால்தான் கவலை. டிவியில் செருகி ஓடவில்லை என்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்.

வேகத்துக்காகக் காசைக் கொட்டவேண்டாம். யுஎஸ்பி 2.0 என்றால் விநாடிக்கு 30, 40 எம்பி. அதற்குமேல் இழுத்தாலும் வராது. 3.0 என்றால் உங்கள் டிஸ்கால் முடிந்த அளவு, அதாவது நூறு எம்பி சுமாருக்கு வரும். 10 ஜிபிபிஎஸ் என்று பெரிதாக அச்சடித்த பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த டிஸ்குக்கு வீண். 5 ஜிபிபிஎஸ் தாராளம். போர்டில் இருக்கும் சிப் எது என்று பார்க்கத் தெரிந்தால் பாருங்கள்: ஜேமைக்ரான் ஜேஎம்எஸ்578, ஏஎஸ்மீடியா ஏஎஸ்எம்1153ஈ போன்றவை நான் நம்பி மாட்டுபவை. சிப்பில் பெயரைச் சுரண்டி எடுத்திருந்தால் வாங்காதீர்கள். நல்ல சிப் டிஸ்கின் உடல்நிலை விவரத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கடத்தும். மட்டமான சிப் வாயை மூடிக்கொள்ளும்.

அந்த உடல்நிலையை, கேஸுக்குப் பணம் கொடுக்கும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். டிஸ்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், கேஸில் போட்டு, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறக்கச் சொல்லுங்கள். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றிவைத்த இடங்கள்), கரண்ட் பெண்டிங் செக்டர் (படிக்கச் சிரமப்பட்டு சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) என்ற இரண்டு வரியிலும் பூஜ்யம் இருந்தால் சந்தோஷம். பெண்டிங்கில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்குக்குக் கேஸ் வாங்குவது, ஓட்டைப் பானைக்கு உறி கட்டுவது. இதில் ஒரு வரி வேடிக்கையானது: சிஆர்சி எரர் என்று ஒன்று, தகவல் கடத்தும் வழியில் வரும் பிழை. அது ஏறினால் குற்றம் பெரும்பாலும் டிஸ்கில் இல்லை, கனெக்டரில். பழைய லேப்டாப்பில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாகவே இருந்தாலும் உள்ளே போகமுடியாது.

இனி மழை. ஜூன் பிறந்தால் கம்பம்மெட்டுக்கு மேலே எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐபி67 என்று போட்ட ரெடிமேட் டிஸ்குகள் உண்டு. 6 என்றால் தூசி புகாது, 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். காலிக் கேஸில் அது அபூர்வம். ராணுவத் தரம் என்று போடும் விழுகைச் சோதனை 1.22 மீட்டரிலிருந்து ஒட்டுப்பலகை மேல் போடுவது. வழக்கமாக டிஸ்க் ஓடாத நிலையில். பாறைமேல் அல்ல, ஓடும்போதும் அல்ல. அதற்குப் பணம் கொடுப்பதைவிட, மூடி இறுக்கமாக அடையும் ஒரு டிபன் டப்பா, உள்ளே பழைய துண்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். செருப்புப் பெட்டியில் வருமே, அதே பொட்டலம். நான் சொல்கிற மூன்று மில்லிமீட்டர் அல்ல, மூன்று சென்டிமீட்டர் மெத்து கிடைக்கும். பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

தண்ணீர் நேராக விழுந்து கெட்ட டிஸ்கை நான் அதிகம் பார்த்ததில்லை. ஈரக்காற்றுதான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. மேலே குளிரில் கிடந்த டிஸ்கைச் சாயங்காலம் கம்பத்து வெக்கைக்குள் கொண்டுவந்து உடனே வெளியே எடுத்தால், குளிர்ந்த டம்ளரில் முத்து முத்தாக நிற்பதுபோல் தகட்டில் நீர் கோக்கும். டப்பாவைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் செருகுங்கள். ஆபீஸ் அறை ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரை ஒட்டி இருந்தால் அந்தச் சுவர்ப் பக்கம் வைக்கவேண்டாம். பச்சைக்காய் விடும் நீராவி அறை முழுக்க நிற்கும். மலை உயரத்துக்கு டிஸ்க் தாங்குமா என்று இன்னொருவர் முன்பு கேட்டிருந்தார். இவை 3000 மீட்டர் வரை ஓடும்படி செய்தவை. ஆனைமுடி உச்சியே 2695 மீட்டர்தான்.

எந்தக் கேஸ் வாங்கினாலும் ஓடும் ஜீப்பில் டிஸ்கைச் செருகிப் படம் பார்க்காதீர்கள். 350 ஜி எல்லாம் வேண்டாம், அந்த ஆட்டத்தில் முனை தடம் மாறி மாறித் தேடியே தடுமாறும். ஆபீஸிலும் முறையாக இஜெக்ட் கொடுத்து, பத்து விநாடி காத்திருந்து, சுற்றுகிற அதிர்வு கையில் நின்றபிறகு தூக்குங்கள். ஒயரை வெடுக்கென்று உருவினால் முனை மிச்சமிருக்கும் சுழற்சி வேகத்தைப் பிடித்துக்கொண்டு அவசரமாக ஓரத்துக்கு ஓடும். அப்படி ஓடுவதை இத்தனை தடவைதான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு, முறையாக நிறுத்துவதற்குத் தாங்கும் எண்ணிக்கையைவிட அது மிகக் குறைவு.

தோட்டத்துக் கணக்கு இந்த ஒரே டிஸ்கில் மட்டும் இருக்கப்போகிறதா? அப்படியென்றால் கேஸுக்கு முன்னால் இரண்டாவது பிரதி. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஜீப்பில் போய்வர ஒரு சின்ன சாட்டா எஸ்எஸ்டி வாங்கி இதே கேஸில் போடுங்கள். சுழலும் தட்டே கிடையாது, விழுந்தால் அவ்வளவு பயம் இல்லை. பழைய டிஸ்க் வீட்டு அலமாரியில் பிரதியாக இருக்கட்டும். எஸ்எஸ்டியை மட்டும் வருடக்கணக்கில் செருகாமல் பூட்டி வைத்துவிடாதீர்கள், கரண்டு இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதற்கு மறதி வரும். ரெடிமேட் போர்ட்டபிள் டிஸ்க் வாங்கலாமே என்பவர்களுக்கு: சிலவற்றில் யுஎஸ்பி சாக்கெட்டை டிஸ்கின் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். சாக்கெட் தளர்ந்தால் கேஸ் மாற்ற வழியில்லை. உங்கள் லேப்டாப் டிஸ்கில் அந்தத் தொல்லை கிடையாது. கேஸ் போனால் சில நூறு ரூபாயில் இன்னொன்று.

ஃபார்மட் செய்வதாக இருந்தால் முதலில் உள்ளதை வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் போடுங்கள். எஃப்ஏடி32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ்ஸே இருக்கட்டும், டிவி அதைப் படிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மதியம் வரை கடையில் இருப்பேன் தம்பி. டிஸ்கையும், நீங்கள் வாங்க நினைக்கும் கேஸையும், தினமும் கொண்டுபோகும் பையையும் எடுத்து வாங்க. பையில் எந்த அறையில் வைப்பீர்கள் என்று பார்த்துவிட்டு டப்பா அளவு சொல்கிறேன்.